அருகிருந்து பேணுதல்

மருத்துவம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் முதலில் வந்து நிற்பவர் மருத்துவர். அவருக்கு அடுத்தது மருந்து. திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரமோ மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு, மருந்தை அருகிலிருந்து கொடுத்துப் பேணுபவனையும் ஒரு கூறாக அது வைத்து எண்ணுகிறது. இந்த நான்காமவனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வாய் பேசும் நோயாளியிடம் இவனுடைய அருமை அவ்வளவாகத் தெரிவதில்லை. “வலிக்கிறது” என்றும், “தாகமாயிருக்கிறது” என்றும் நோயாளியே சொல்லிவிடுகிறான். சொல்ல வாயற்ற உயிர் நோயுற்றால் என் செய்வது? அங்கே அருகிருப்பவனின் கண்ணே நோயாளியின் நாவாக வேண்டும். இவ்வுண்மையை விளக்க, நம் நாட்டில் பலரும் கண்டிராத ஒரு சிறு பிராணியை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் ஃபெரட்.

ஃபெரட் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீடுகளில் வளர்க்கப்படும் பிராணி. நீண்ட உடல், குட்டைக் கால்கள், கூரிய முகம், அடர்ந்த மென்மயிர் இவை அதன் அடையாளங்கள். பார்ப்பதற்கு நம் கீரியை நினைவூட்டும். ஆயினும் கீரியின் குடும்பம் வேறு. நம் ஆறுகளில் வாழும் நீர்நாயே இதற்கு நெருங்கிய உறவு. ஆண் ஃபெரட்டின் எடை ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு கிலோகிராம். பெண் அதனினும் சிறியது. ஐரோப்பியக் காடுகளில் வாழும் போல்கேட் என்னும் விலங்கைப் பழக்கியே இதனை மனிதன் உண்டாக்கினான் என்பர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, முயல் வளைக்குள் புகுத்தி முயலை வெளியே விரட்டுவதற்கு இதனைப் பயன்படுத்தினர். கிரேக்க நிலநூலாசிரியர் ஸ்டிராபோ அத்தகைய வேட்டைப் பிராணி ஒன்றைக் குறிப்பிடுகிறார். அது ஃபெரட்டே என அறிஞர் கருதுவர்.

மனிதகுலம் இச்சிற்றுயிருக்கு ஒரு பெருங்கடன் பட்டிருக்கிறது. 1933ஆம் ஆண்டில் லண்டன் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும், இன்ஃபுளுயென்சா என்னும் விஷக்காய்ச்சலால் வருந்திய மனிதரிடமிருந்து எடுத்த தொண்டை நீரை ஃபெரட்டின் மூக்கில் செலுத்தினர். ஃபெரட்டும் அதே காய்ச்சலால் பீடிக்கப்பட்டது. அக்காய்ச்சலுக்குக் காரணம் வைரஸ் என்பது இச்சோதனையால் துலங்கிற்று. இன்றளவும் அந்நோயை ஆராய்வோர் ஃபெரட்டை நாடுகின்றனர்.

இனி, அதனைத் தாக்கும் ஒரு நோயைக் காண்போம். நம் உடலிலும் ஃபெரட்டின் உடலிலும் சிறுநீரகங்களுக்கு அருகே அட்ரீனல் சுரப்பிகள் என இரண்டு உண்டு. ஃபெரட்டில் அவற்றின் நீளம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. அளவில் சிறியனவாயினும் அவற்றின் ஆட்சி பெரிது. 1855ஆம் ஆண்டில் தாமஸ் அடிசன் என்னும் ஆங்கில மருத்துவர், இச்சுரப்பிகள் கெட்டவர்கள் எவ்வாறு வலுவிழந்து மெலிந்து மடிகின்றனர் என்பதை விளக்கினார். அடுத்த ஆண்டே பிரௌன் செக்கார் என்பவர், இரு சுரப்பிகளையும் நீக்கிய விலங்குகள் உயிர் பிழைப்பதில்லை எனச் சோதித்துக் காட்டினார். இச்சுரப்பிகளின் புறணியில் ஊறும் ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் ஆகிய மூவரும் 1950ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

அட்ரீனல் சுரப்பி சுரக்காமற்போவது ஒரு நோய். அளவிறந்து சுரப்பது மற்றொரு நோய். நடு வயதைத் தாண்டிய ஃபெரட்டுகளுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. வாலடியில் மயிர் உதிரத் தொடங்கும். பின்னர் இடுப்பிலும் முதுகிலும் இருபுறமும் ஒரே சீராக உதிரும். உடல் அரிக்கும். கருவகம் நீக்கப்பட்ட பெண் ஃபெரட்டின் குறி, பருவம் வந்தது போல் வீங்கும். ஆணுக்கோ புரோஸ்டேட் சுரப்பி பருத்துச் சிறுநீர்க் குழாயை நெருக்கும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக இறங்கும், அல்லது முற்றும் அடைபடும். அந்நிலையில் ஒரு நாழிகையும் தாமதித்தல் ஆகாது.

இந்நோய் ஏன் வருகிறது? இங்கேதான், மாணவச் செல்வங்களே, நாம் கூர்ந்து சிந்திக்கவேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் வளர்க்கும் ஃபெரட்டுகளின் இனப்பெருக்க உறுப்புகளை நீக்கிவிடுவது வழக்கம். நம் நாட்டில் காளைகளுக்குக் காயடிப்பதை நீங்கள் அறிவீர்கள்; அது போன்றதே இதுவும். அமெரிக்காவிலோ, குட்டி பிறந்த ஏறக்குறைய ஆறாம் வாரத்திலேயே இதனைச் செய்து விற்பனைக்கு அனுப்புகின்றனர். இதற்கு நியாயமான காரணமும் உண்டு. பருவமடைந்த பெண் ஃபெரட் ஆணோடு சேராவிட்டால் அதன் பருவம் தணிவதில்லை. பெண்மை ஹார்மோன் நாள்தோறும் மிகுந்து, எலும்பு மச்சையில் இரத்தம் ஊறுவதைத் தடுத்து, உயிருக்கே உலை வைத்துவிடும். அதினின்று காக்கவே உறுப்பை நீக்குகின்றனர்.

ஆனால் உடல் ஒரு துலாக்கோல். ஒரு தட்டில் கைவைத்தால் மறு தட்டு அசையாமல் இராது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, இனப்பெருக்க உறுப்புகளை நோக்கி “சுரப்பீர்” என ஓர் ஹார்மோனை ஏவுகிறது. அவை சுரந்ததும், “போதும்” என்னும் மறுமொழி மூளைக்குத் திரும்புகிறது. உறுப்புகளே இல்லையெனில் மறுமொழி சொல்வார் யார்? ஏவல் ஓய்வின்றித் தொடர்கிறது. அட்ரீனல் சுரப்பியிலும் அவ்வேவலைக் கேட்கும் உயிரணுக்கள் உள்ளன. ஆண்டுக்கணக்கில் ஏவலைக் கேட்டுக் கேட்டு அவை பருக்கின்றன, கட்டியாகவும் மாறுகின்றன, இன ஹார்மோன்களைத் தாமே சுரக்கத் தொடங்குகின்றன. உறுப்பு நீக்கிய வயதுக்கும் நோய் தோன்றும் வயதுக்கும் தொடர்பு உண்டென்பதை நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். வீட்டு விளக்கொளியில் பகல் நீண்டுகொண்டே போவதும் ஒரு துணைக் காரணமாகலாம் என்பர்.

ஒரு தீங்கைத் தடுக்க நாம் செய்த செயல் மற்றொரு தீங்குக்கு வாயிலாகிறது. எனவே இந்நோயுற்ற பிராணியைப் பேணுவது வெறும் கருணையன்று, கடன் தீர்த்தலாகும்.

நோய்க்குரிய சிகிச்சைகளுள் முதன்மையானது கெட்ட சுரப்பியை அறுத்து நீக்குதல். இடச் சுரப்பி கெட்டிருந்தால் நீக்குவது ஒப்பு நோக்க எளிது. வலச் சுரப்பியோ, இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையோடு ஒட்டிக்கிடக்கிறது. அங்கே கத்தி ஒரு மயிரிழை பிசகினாலும் இரத்தம் பெருகிவிடும். ஆகையால் கைதேர்ந்த மருத்துவரே அதனைச் செய்வர்.

ஓரிரு மணி நேரத்தில் மருத்துவரின் பணி நிறைவுறுகிறது. அதன் பின் ஏறக்குறைய இரண்டு வாரம் பேணுபவனின் பணி. அப்பணி எவ்வாறு நடைபெற வேண்டும்?

முதலாவது, வெப்பம். மயக்க மருந்தின் வசப்பட்ட சிற்றுடல் விரைவில் குளிர்ந்துவிடும். வயிற்று மயிரும் மழிக்கப்பட்டிருக்கும். ஆகவே மென்மையான துணி விரித்து, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வைப்பர். ‘ஒரு மூலையில்’ என்பதைக் கவனியுங்கள். சூடு மிகுந்தால் விலகிச் செல்ல இடம் வேண்டும். ஃபெரட் குளிரைவிட வெப்பத்துக்கே மிகவும் அஞ்சும். வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. கோடையில் அறை சற்றே புழுங்கினாலும் அதற்கு ஆபத்து.

இரண்டாவது, இடம். ஃபெரட்டின் கூண்டு பொதுவாகப் பல அடுக்குகள் கொண்டது. ஏறி இறங்கச் சரிவுப் பலகைகளும், படுத்துறங்கத் தொங்கும் தூளியும் இருக்கும். அறுவைக்குப் பின் இவற்றையெல்லாம் எடுத்துவிட வேண்டும். தரை ஒன்றே போதும். வயிற்றின் நடுவே நெடுகத் தையலிட்டிருக்க, அது ஏறவும் குதிக்கவும் முயன்றால் தையல் பிரியும். கழிவுத் தட்டில் மண்குறுணைக்குப் பதில் தாளை விரிக்கவேண்டும். குறுணை புண்ணில் ஒட்டிக்கொள்ளும். உடன் வளரும் ஃபெரட்டுகள் கழுத்தைக் கவ்வி இழுத்து விளையாடும் இயல்பின; புண் ஆறும்வரை அவற்றைப் பிரித்து வைத்தல் நலம். தூக்கும்போது ஒரு கையால் மார்பையும் மறு கையால் இடுப்பையும் தாங்கவேண்டும், வயிற்றை அழுத்தலாகாது.

மூன்றாவது, உணவு. ஃபெரட் முற்றிலும் ஊனுண்ணி. அதன் குடல் குறுகியது. உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். அதனால் நெடுநேரம் பட்டினி கிடக்க அதனால் இயலாது. மயக்கம் தெளிந்ததும் மருத்துவர் சொன்னபடி, வெதுவெதுப்பான, கூழாய் மசித்த கோழியிறைச்சியைச் சிறிது சிறிதாக, பல முறை ஊட்டவேண்டும். தானே உண்ணாவிடில் விரல் நுனியிலோ சிறு கரண்டியிலோ வைத்து நக்கச் செய்வர். வாயில் ஊற்றி விழுங்க வற்புறுத்தினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும். பொறுமையே இங்கு மருந்து.

உணவைப் பற்றிப் பேசும்போது மற்றோர் அபாயத்தையும் கூறவேண்டும். இதே வயதில் பல ஃபெரட்டுகளுக்குக் கணையத்திலும் சிறு கட்டிகள் தோன்றும். அவை இன்சுலினை மிகுதியாகச் சுரந்து, இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைத்துவிடும். அப்போது பிராணி வெறித்துப் பார்க்கும், வாயில் நீர் ஒழுகும், முன்னங்கால்களால் வாயைப் பிறாண்டும், பின்னங்கால்கள் துவளும், வலிப்பும் வரலாம். உடனே ஈறுகளில் சிறிது தேனோ சர்க்கரைப் பாகோ தடவி, மருத்துவரிடம் விரையவேண்டும். வலிப்பு வரும்போது விரலை வாய்க்குள் விடலாகாது.

நான்காவது, மருந்து. வலி தணிக்கவும் புண் ஆறவும் மருத்துவர் தரும் மருந்துகளை, அவர் குறித்த அளவில், குறித்த வேளையில் கொடுக்கவேண்டும். நம் வீட்டு அலமாரியிலுள்ள மாத்திரையை உடைத்துக் கொடுப்போம் என்ற எண்ணம் எவருக்கும் எழக்கூடாது. நமக்கு வலி தீர்க்கும் பாராசிட்டமாலும் இபுபுரோஃபெனும் ஃபெரட்டுக்கு நஞ்சாகும். இரு சுரப்பிகளிலும் கத்தி பட்டிருந்தால், உடலுக்கு இன்றியமையாத ஹார்மோன்கள் குறைந்து, பிராணி சோர்ந்து, வாந்தியெடுத்து, நிலைகுலையக்கூடும். அதற்காக ஸ்டீராய்டு மருந்து கொடுப்பர். பிராணி தெளிந்துவிட்டதென்று அம்மருந்தை நாமாகத் திடீரென நிறுத்துவது பெரும்பிழை. அடிசனும் பிரௌன் செக்காரும் கண்ட உண்மை இங்கே நம்மை எச்சரித்து நிற்கிறது.

ஐந்தாவதும் தலையாயதும் கண்காணிப்பு. நாள்தோறும் இருவேளை புண்ணைப் பார்க்கவேண்டும். சிவப்பு மிகுதல், வீக்கம், நீர் கசிதல், துர்நாற்றம், தையல் விலகல் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் மருத்துவருக்குத் தெரிவிக்கவேண்டும். ஈறுகளின் நிறம் இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். வெளிறினால் உள்ளே இரத்தம் கசிகிறதோ என ஐயுறவேண்டும். மலம் கரியாகத் தார் போன்றிருந்தால் இரைப்பையில் புண். சிறுநீர் தடையின்றிப் போகிறதா என்பதை, குறிப்பாக ஆண் பிராணியிடம், தவறாமல் நோக்கவேண்டும்.

ஃபெரட் நலமாயிருக்கும்போதே நாளொன்றுக்கு 14 முதல் 18 மணி நேரம் உறங்கும். உலுக்கினாலும் விழிக்காத ஆழ்துயில் அதன் இயற்கை. அப்படியாயின் உறக்கத்தையும் சோர்வையும் எப்படிப் பிரித்தறிவது? விழித்தபின் என்ன செய்கிறது என்பதே அடையாளம். விழித்ததும் மோந்து பார்த்து, உணவை நாடி, கழிவுத் தட்டுக்குச் சென்று, மீண்டும் படுத்தால் அது உறக்கம். விழித்தும் தலை தூக்காமல், உணவைப் புறக்கணித்துக் கிடந்தால் அது சோர்வு. பிராணியின் அன்றாட வழக்கத்தை முன்பே அறிந்தவனுக்குத்தான் இவ்வேற்றுமை புலப்படும்.

இதற்கு நான் சொல்லக்கூடிய வழி ஒரு குறிப்பேடு. ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் எதையும் பதிவேட்டில் எழுதுவது வழக்கம். அதை நீங்கள் நகையாடுவதும் உண்டு. ஆயினும் “நேற்று உண்டதா?” என மருத்துவர் கேட்கும்போது, “உண்டது போலிருக்கிறது” என்பது விடையாகாது. எத்தனை முறை உண்டது, சிறுநீர் எப்போது போயிற்று, மருந்து எந்த மணிக்குக் கொடுக்கப்பட்டது, தராசில் எத்தனை கிராம் நின்றது என்பவற்றை வரிசையாக எழுதிவைத்தால், அத்தாளே வாயற்ற உயிரின் வாய்மொழியாகிவிடும். சிற்றுடலில் சில பத்துக் கிராம் குறைவதும் பெருஞ்செய்தி.

பத்து முதல் பதினான்கு நாளில் மேலே தெரியும் தையலை எடுப்பர். பெண் பிராணியின் வீக்கம் சில நாள் முதல் சில வாரத்துக்குள் வற்றும். ஆணின் சிறுநீர்த் தடையும் பெரும்பாலும் விரைவில் நீங்கும். மயிர் வளர்வதற்கோ மாதங்கள் ஆகும். அதற்கு முன்னர் ஒரு வியப்பு நிகழ்வதுண்டு. மழித்த வயிற்றுத் தோல் திடீரென நீலம் பாரிக்கும். அறியாதவர் அடிபட்டுக் கன்றியதென அஞ்சுவர். தோலின் அடியில் புது மயிர் முளைவிடும் அறிகுறியே அது. ஈறு இளஞ்சிவப்பாக இருந்து, பிராணி உற்சாகமாக உண்ணுமாயின் அஞ்ச வேண்டுவதில்லை. ஒரே நீலம், அறியாதவனுக்கு அச்சத்தையும் அறிந்தவனுக்கு மகிழ்ச்சியையும் தருகிறது! கல்வியின் பயன் இதனினும் தெளிவாக விளங்குமோ?

ஒரு சுரப்பியை நீக்கியதோடு கதை முடிந்தது என எண்ணிவிடவும் கூடாது. மூளையின் ஏவல் நிற்கவில்லை. எஞ்சிய சுரப்பியும் பின்னொரு நாள் கெடக்கூடும். ஆதலால் வாலடியில் மயிர் உதிர்கிறதா எனத் தொடர்ந்து கவனிக்கவேண்டும். அவ்வேவலையே அடக்கும் டெஸ்லோரெலின் என்னும் மருந்து இக்காலத்தில் உண்டு. அரிசி போன்ற சிறு குச்சியாகத் தோலின் அடியில் அதனைப் பதிப்பர். 2012ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஃபெரட்டுகளுக்கு அதனைப் பயன்படுத்த இடமளித்தது. அது நோயின் குறிகளைப் பல மாதங்கள் தணித்துவைக்கும். கட்டியை நீக்கிவிடும் என்பதற்கில்லை. முதுமையாலோ வேறு நோயாலோ அறுவையைத் தாங்காத பிராணிகளுக்கு அதுவே துணை. எது தக்கது என முடிவு செய்வது மருத்துவர் கடமை. உண்மை நிலையை அவருக்கு உள்ளவாறு உரைப்பது பேணுவோன் கடமை.

ஃபெரட்டின் ஆயுள் ஆறு முதல் எட்டு ஆண்டுகள். இவ்வளவு குறுகிய வாழ்வுடைய ஒரு பிராணிக்காக இத்தனை தொல்லையா என உங்களுள் ஒருவர் கேட்கலாம். நம் கணக்கில் ஓர் ஆண்டு, அதன் கணக்கில் ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒப்பாகும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கட்டும். மேலும், காட்டில் தன் போக்கில் வாழ்ந்த ஓர் உயிரை வீட்டுக்குக் கொணர்ந்தவர் நாம். அதன் உறுப்பை நீக்கியவரும், அதன் இரவைப் பகலாக்கியவரும் நாமே. அதன் நோயில் நமக்குப் பங்கு இருக்குமானால், அதன் நலத்திலும் நமக்குப் பங்கு இருந்தாக வேண்டும் அன்றோ?

உங்கள் இல்லத்தில் ஃபெரட் இல்லாதிருக்கலாம். கன்றோ, நாயோ, புறாவோ இருக்கும். நோயுற்ற பாட்டியார் இருப்பார். பேச்சு வாராத குழந்தை இருக்கும். வெப்பம், இடம், உணவு, மருந்து, கண்காணிப்பு என்னும் ஐந்தும் அங்கும் வேண்டப்படுவனவே. மருத்துவராக எல்லோராலும் இயலாது. அருகிருந்து பேணும் நான்காம் கூறாக ஆவதற்கு எவரும் பட்டம் பெறவேண்டியதில்லை. பொறுமையும், கூர்ந்து நோக்கும் கண்ணும், கண்டதைக் கண்டவாறே குறித்துவைக்கும் நேர்மையும் போதும். இம்மூன்றையும் இளமையிலேயே பழகிக்கொள்ளுங்கள்.